பால்வீதித் தட்டு பிறந்த கதை

பால்வீதியின் விண்மீன் தட்டு குறுக்கே சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. தடிமனோ அதில் சில சதவீதம்தான். இவ்வளவு மெலிந்த தட்டாக அதை வார்த்தது ஈர்ப்பு மட்டுமல்ல.

1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் தோன்றியபின், ஹைட்ரஜனும் ஹீலியமும் எங்கும் ஏறக்குறையச் சீராகப் பரவிக் கிடந்தன. அடர்த்தி இம்மியளவு கூடிய இடங்களில் கரும்பொருள் (dark matter) திரண்டது. வாயுவும் அதை நோக்கி விழுந்தது. அக்கம்பக்கத்துத் திரள்கள் ஒன்றையொன்று ஒருபக்கமாக இழுத்ததில் மெதுவான ஒரு சுழற்சியும் சேர்ந்தது. நிலவு நம் கடலில் ஓதம் எழுப்புகிறதே, அதே விசைதான். 1949-இல் வானியலாளர் பிரெட் ஹாயில் சொன்ன கருத்து இது.

விழுந்த வாயு மோதிக்கொண்டதில் அதன் வேகமெல்லாம் வெப்பமானது. பால்வீதி அளவுள்ள திரளில் அது 10 லட்சம் டிகிரியைத் தொடும். அந்த வெப்பத்தின் அழுத்தம் ஈர்ப்பை எதிர்த்து நிற்கும். வெப்பத்தை ஒளியாக உமிழ்ந்து ஆறினால்தான் வாயு மேலும் சுருங்க முடியும். எவ்வளவு விரைவாக ஆறுகிறது என்பதே விண்மீன் மண்டலங்களின் பருமனுக்கு வரம்பு கட்டுகிறது என்று 1977-இல் மார்ட்டின் ரீஸும் ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் காட்டினர். பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தில் பல கோடி டிகிரி வாயு இன்னும் ஆறாமல் எக்ஸ் கதிராக ஒளிர்வதைப் பார்க்கும்போது அந்தக் கணக்கின் அழகு புரிகிறது.

ஆறிய வாயு உள்நோக்கிச் சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்றது. அச்சைச் சுற்றிய ஓட்டம் ஈர்ப்புக்கு ஈடுகொடுத்த இடத்தில் சுருக்கம் நின்றது. அச்சின் திசையிலோ தடுக்க ஏதுமில்லை. வாயு அப்படியே படிந்து தட்டையானது. 1980-இல் மைக்கேல் ஃபாலும் ஜார்ஜ் எஃப்ஸ்டாதியோவும் இதைக் கணக்கிட்டுக் காட்டினர்.

சிறிய திரள்களுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. முதல் தலைமுறை ஒளிமூலங்களின் புறஊதாக் கதிர் விண்வெளி வாயுவைச் சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாக்க, அத்திரள்களின் வலுவற்ற ஈர்ப்பால் அதைப் பிடித்துவைக்க இயலவில்லை. பால்வீதியைச் சுற்றும் மிக மங்கலான குறு மண்டலங்களில் பெரும்பாலான விண்மீன்கள் 1200 கோடி ஆண்டு வயதை ஒட்டிய முதியவை. அதன்பின் அங்கே பிறப்பு ஏறக்குறைய நின்றுபோனது.

வெப்பத்துக்கு உரிய இடத்தை நாம் தருவதில்லை என்பது என் எண்ணம். விண்மீன் வெடிப்புகளான சூப்பர்நோவாக்கள் வாயுவைத் திரும்பத் திரும்பச் சூடாக்கி வெளியே தள்ளியிராவிட்டால், பால்வீதியின் வாயுவில் பெரும்பங்கு தொடக்கத்திலேயே விண்மீன்களாகத் தீர்ந்திருக்கும். அந்தத் தாமதத்தால்தான், பிரபஞ்சம் தோன்றி 900 கோடி ஆண்டு கழித்துச் சூரியன் பிறக்கவும் வாயு மிச்சமிருந்தது. இப்போதும் பால்வீதியில் ஆண்டுக்கு ஓரிரு சூரியன்களின் எடையளவுக்குப் புதிய விண்மீன்கள் உருவாகிவருகின்றன.