சொந்தக் காசில் அச்சான வரலாறு

டிசம்பர் வந்தால் நண்பர்களுக்குப் பட்டியல் போடும் காய்ச்சல் தொடங்கிவிடும். இந்த ஆண்டு படித்ததில் பிடித்த ஐந்து, பிடித்த பத்து என்று. பெரும்பாலும் சென்னையில் வந்த புத்தகங்கள்தான் அதில் இருக்கும். மூன்று வருடம் முன்புவரை என் பட்டியலும் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது ஒரு குடும்ப விஷயம்.

என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவரைப் பற்றிக் கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான்: "ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்க." அதற்கு மேல் கேட்டால் பாட்டி, "இப்ப எதுக்குய்யா அதெல்லாம்? போய்ப் பசியாறு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

தாத்தா இறந்த பிறகு அவருடைய அலமாரியைச் சுத்தம் செய்தோம். பழைய நாளிதழில் சுற்றி வைத்திருந்த ஒரு நாவல் கிடைத்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்'. பக்க ஓரங்களில் பென்சில் கோடுகள். தாத்தா நாளிதழைத் தவிர வேறெதுவும் படிக்க மாட்டார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நாவல் பேசுவது சயாம் மரண ரயிலைப் பற்றி. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இல் ஜப்பானியர் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பசி, வாந்திபேதி, மலேரியா, அடி. பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாட்குறிப்பு எழுதினார்கள், படம் வரைந்தார்கள், திரும்பிப்போய் புத்தகம் போட்டார்கள். அவர்களுக்கென்று பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டங்கள் தாய்லாந்தில் இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. ரெங்கசாமி தன் நாவலுக்கு அப்படியொரு தலைப்பை வைத்ததன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இன்னொரு தகவலும் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாதைக்காக மலாயாவின் கிழக்குக் கரை ரயில் தண்டவாளங்களையே ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்து பல வருடம் கழித்து தாத்தா வேலைக்குச் சேர்ந்த இதே செந்தூல் பட்டறை மீதும் 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. இன்று அந்தப் பட்டறை வளாகத்தின் ஒரு பகுதியில் நாடக அரங்கம் இருக்கிறது. நான் அங்கே நாடகம் பார்க்கப் போயிருக்கிறேன். இதெல்லாம் தெரியாமலே உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, இதற்கும் ஆண்டிறுதிப் பட்டியலுக்கும் என்ன சம்பந்தம்?

மலேசியத் தமிழ் நாவலின் வரலாற்றை 1917இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' நாவலிலிருந்து தொடங்குவது வழக்கம். நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் எழுத்தாளருக்கு முன்பணம் தரும் பெரிய பதிப்பகம் ஒன்று இங்கே வேர்விடவில்லை. எழுத்தாளரே சேமிப்பைப் போட்டு அச்சடிப்பார். மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா வைப்பார். மாலை போட்டு அழைத்து வந்த டத்தோ முதல் நூலைப் பெற்றுக்கொண்டு ஓர் உறை தருவார். பிறகு வந்தவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு உறையோடு புத்தகம் வாங்குவார்கள். கிட்டத்தட்ட கல்யாண மொய் மாதிரி. அச்சுக்கூலி தேறிவிடும். புத்தகம் வீட்டுக்குப் போய் அலமாரியில் படுத்துவிடும். மறுபதிப்பு வருவது அபூர்வம்.

இந்த முறையை நாங்கள் நிறையக் கிண்டல் செய்திருக்கிறோம். இப்போது அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வருவதில்லை. அந்த மொய்ப்பணம்தான் நம் வரலாற்றில் ஒரு பகுதியை அச்சேற்றியிருக்கிறது.

இந்த ஆண்டு நான் படித்தவற்றிலிருந்து, நீங்களும் தேடிப் படிக்க வேண்டியவை:

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. அதே ரயில் பாதை, வேறு பார்வை. சயாமுக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பாவைத் தேடிப் போகும் ஓர் இளைஞனின் கதை. 'நினைவுச்சின்ன'த்தோடு சேர்த்துப் படியுங்கள்.

ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'. ஜப்பானியர் காலத்தையும் அதையொட்டி வந்த கம்யூனிஸ்ட் காலத்தையும் ஒரு சிலாங்கூர் நதிக்கரையில் வைத்துச் சொல்கிறது. நடை நேரானது, சில இடங்களில் தட்டையானதும்கூட. ஆனால் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களின் பயம் கையில் ஒட்டுகிறது.

சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்'. 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். தோட்டத்துப் பேச்சை இவ்வளவு அசலாக எழுத்தில் நான் கேட்டதில்லை. முதல் முப்பது பக்கம் மெதுவாகத்தான் போகும். விட்டுவிடாதீர்கள்.

ம. நவீனின் 'சிகண்டி'. செந்தூலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சௌவாட் வட்டாரத்தின் நிழல் உலகம். தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த தலைமுறை எங்கே போய் விழுந்தது என்று காட்டுகிறது. நவீனின் முந்தைய நாவல் 'பேய்ச்சி' கெடா மாநிலம் லூனாஸில் 1981இல் நடந்த விஷச்சாராய மரணங்களைத் தொட்டு எழுதப்பட்டது. 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு அதற்குத் தடை அறிவித்தது. அதனால் அதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் நம் நாவல்களின் வரலாற்றைப் பேசும்போது அதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

இந்த நாவல்கள் குறையில்லாதவை என்று சொல்ல மாட்டேன். செம்மை பார்க்க ஆளில்லாமல் அச்சானவற்றில் எழுத்துப்பிழைகள் உண்டு. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியர் பேசிவிடுவதும் உண்டு. நாவலாக அவற்றை விமர்சிக்கத்தான் வேண்டும். நானும் செய்கிறேன். ஆனால் படித்துவிட்டு விமர்சிப்போம். நம்மில் பலர் படிக்காமலே 'உள்ளூர் எழுத்துதானே' என்று தள்ளிவிடுகிறோம்.

போன மாதம் 'நினைவுச்சின்னம்' பிரதியைப் பாட்டியிடம் கொண்டுபோய், தாத்தா பென்சிலால் கோடு போட்ட ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்து, தாத்தாவின் அண்ணனுடைய பெயரைச் சொன்னார். எனக்கு அது முதல் தடவை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஏதாவது ஒரு வெளியீட்டு விழாவில் வாங்கிய நாவல் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த விடுமுறையில் அதை எடுத்துப் படியுங்கள். படித்து முடித்ததும் திரும்ப அலமாரியில் வைக்காமல் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.