மிதிவண்டி நீர்ம வட்டு பிரேக்

மிதிவண்டி நீர்ம வட்டு பிரேக் அல்லது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்பது, சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் எஃகு வட்டை நீர்மத்தின் அழுத்தத்தால் இரு உராய்வுக் கட்டைகளுக்கு இடையே இறுக்கி, மிதிவண்டியை நிறுத்தும் அமைப்பு ஆகும். மலைப்பாதை மிதிவண்டிகளில் முதலில் பரவிய இவ்வமைப்பு, தற்போது சாலைப் பந்தய மிதிவண்டிகளிலும் மின் மிதிவண்டிகளிலும் பரவலாகப் பயன்படுகிறது.

கம்பி வடத்தால் இயங்கும் பிரேக்குகளுடன் ஒப்பிடுகையில் இதற்குக் குறைந்த கைவிசையே போதுமானது. மழையிலும் சேற்றிலும் இது சீராக இயங்கும். ஆயினும் இதன் இயக்கம் மூடிய குழாய்க்குள் நடைபெறுவதால் பழுதுகள் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனவே இதன் நம்பகத்தன்மை பெரிதும் முறையான பராமரிப்பைச் சார்ந்தது எனலாம்.

அமைப்பும் இயக்கமும்

இவ்வமைப்பின் முக்கிய பாகங்கள் பின்வருமாறு:

* பிரேக் பிடியும் அதனுடன் இணைந்த முதன்மை உருளையும்
* நீர்மத்தைக் கொண்டு செல்லும் குழாய்
* முன் கவையிலும் பின் சட்டத்திலும் பொருத்தப்படும் காலிப்பர்
* காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு அல்லது நான்கு பிஸ்டன்கள்
* பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகள்
* சக்கரக் குடத்தில் பொருத்தப்பட்ட வட்டு. இதன் விட்டம் பொதுவாக 140, 160, 180 அல்லது 203 மி.மீ. இருக்கும்.

மூடிய கலத்தில் உள்ள நீர்மத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும் என்னும் பாஸ்கலின் விதியே இதன் அடிப்படை. எடுத்துக்காட்டாக, விரல்கள் தரும் 50 நியூட்டன் விசையைப் பிடியின் நெம்புகோல் அமைப்பு 5 மடங்காக்கினால், முதன்மை உருளையின் பிஸ்டன் மீது 250 நியூட்டன் விசை செயற்படும். அப்பிஸ்டனின் விட்டம் 10 மி.மீ. எனவும் காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 22 மி.மீ. எனவும் கொண்டால், பரப்புகளின் விகிதம் ஏறத்தாழ 4.8 ஆகும். ஆகவே ஒவ்வொரு கட்டையும் ஏறத்தாழ 1,200 நியூட்டன் விசையுடன் வட்டை அழுத்தும். விசை பெருகும் அளவுக்கு நகர்வு குறையும். எனவே கட்டைக்கும் வட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே இருக்க முடியும்.

பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுமுகம் கொண்ட இரப்பர் அடைப்பு வளையம் ஒன்று உள்ளது. பிஸ்டன் முன்னேறும்போது வளையம் சற்று வளைந்து கொடுக்கும். பிடியை விட்டதும் அது பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் பின்னிழுக்கும். கட்டை தேயும்போது பிஸ்டன் வளையத்தின் ஊடே வழுக்கிச் சற்று முன்னே நிலைகொள்கிறது. அதனால் கூடும் கொள்ளளவைப் பிடியில் உள்ள நீர்மத் தேக்கம் ஈடு செய்கிறது. இவ்வாறு இடைவெளி தானாகவே சரிசெய்யப்படுகிறது.

வரலாறு

செருமனியின் மகுரா நிறுவனம் 1987 ஆம் ஆண்டில் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் மிதிவண்டி பிரேக்கை அறிமுகப்படுத்தியது. அது வட்டை அல்லாமல் சக்கரத்தின் ரிம்மை அழுத்துவதாகும். 1990-களின் பிற்பகுதியில் ஹேய்ஸ் முதலிய நிறுவனங்களின் நீர்ம வட்டு பிரேக்குகள் மலைப்பாதை மிதிவண்டிகளில் பரவத் தொடங்கின.

பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் 2010 இல் சைக்ளோ-கிராஸ் போட்டிகளில் வட்டு பிரேக்குகளை அனுமதித்தது. சாலைப் பந்தயங்களில் 2015 இல் தொடங்கிய சோதனை முயற்சி, 2016 ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ஏற்பட்ட காயம் ஒன்றைத் தொடர்ந்து இடைநிறுத்தப்பட்டது. பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டு, 2018 சூலை முதல் முழு அனுமதி வழங்கப்பட்டது.

பிரேக் நீர்மம்

இரு வகை நீர்மங்கள் பயன்பாட்டில் உள்ளன.

டாட் நீர்மம்: அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரத்தைக் குறிக்கும் பெயர் இது. மிதிவண்டிகளில் பயன்படும் டாட் 4, டாட் 5.1 ஆகியன கிளைக்கால் ஈதர் அடிப்படையிலானவை. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. புதிய டாட் 4 நீர்மத்தின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் 155 பாகை இருந்தால் போதும் என்பது தரவிதி. டாட் 5.1 க்கு இவ்வளவுகள் முறையே 260, 180 பாகைகள் ஆகும். டாட் 5 என்பது சிலிக்கோன் அடிப்படையிலான வேறு பொருள். எண் நெருக்கத்தைக் கண்டு டாட் 5.1 க்கு மாற்றாக அதனை ஊற்றக் கூடாது.

கனிம எண்ணெய்: சிமானோ, மகுரா, டெக்ட்ரோ முதலிய நிறுவனங்கள் இதனைப் பயன்படுத்துகின்றன. நெடுங்காலம் டாட் நீர்மத்தையே பயன்படுத்திவந்த எஸ்ராம் நிறுவனமும் 2022 முதல் சில வடிவங்களில் கனிம எண்ணெயைப் பயன்படுத்துகிறது. இது ஈரத்தை உறிஞ்சாது. வண்டியின் வண்ணப்பூச்சையும் அரிக்காது. ஆயினும் இதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்பது தவறான கருத்து. உள்ளே புகுந்த நீர் எண்ணெயில் கரையாமல், மிகத் தாழ்வான இடமாகிய காலிப்பரில் தங்கிவிடும். வெப்பம் மிகும் இடமும் அதுவே. அங்கு நீர் 100 பாகையை ஒட்டிய வெப்பநிலையிலேயே கொதிக்கத் தொடங்கலாம்.

இவ்விரு வகைகளையும் கலக்கவோ ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை ஊற்றவோ கூடாது. ஒன்றுக்கென அமைந்த அடைப்பு வளையங்கள் மற்றதில் உப்பிச் சிதைந்துவிடும். பிடியின் மூடியில் அல்லது தயாரிப்பாளரின் கையேட்டில் உரிய நீர்மம் குறிப்பிடப்பட்டிருக்கும்.

நம்பகத்தன்மை

வெப்பம்

பிரேக் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொண்டால், 500 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 440 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். இதில் பாதியைக் காற்றின் தடை முதலியன எடுத்துக்கொண்டாலும், மீதி 220 கிலோஜூல் இரு வட்டுகளையும் வந்தடையும். இரண்டும் சேர்ந்து கால் கிலோகிராம் அளவே எடையுள்ள எஃகு வட்டுகள் இவ்வெப்பத்தை வெளிவிடாமல் தேக்கினால், கணக்கின்படி 1,700 பாகையையும் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே எஃகு உருகிவிடும். உண்மையில் அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், வட்டைக் கடந்து செல்லும் காற்று வெப்பத்தைத் தொடர்ந்து நீக்குவதே ஆகும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் இலேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் வெப்பம் காலிப்பருக்கும் நீர்மத்துக்கும் பரவுகிறது. நீர்மம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், பிடி கைப்பட்டை வரை சென்றும் வண்டி நிற்காத நிலை ஏற்படும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துப் பின் முழுவதும் விடுதல், இரு பிரேக்குகளையும் பகிர்ந்து பயன்படுத்துதல், உடல் எடைக்கும் பாதைக்கும் ஏற்ப வண்டி அனுமதிக்கும் பெரிய வட்டைப் பொருத்துதல் ஆகியன இதனைத் தவிர்க்க உதவும்.

காற்று புகுதல்

நீர்மம் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் பிடியின் நகர்வு குமிழியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். நீர்மத் தேக்கத்தில் காற்று இருப்பின், வண்டியைத் தலைகீழாக நிறுத்தும்போது அது குழாய்க்குள் சென்றுவிடலாம். எனவே வண்டியை நிமிர்த்திய பின் பிடியைப் பலமுறை அழுத்திப் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

மாசுபடுதல்

உராய்வுக் கட்டைகள் நுண்துளைகள் உடையவை. சங்கிலிக்குத் தெளிக்கும் எண்ணெய், கசிந்த பிரேக் நீர்மம், விரல்களின் எண்ணெய்ப்பசை ஆகியன பட்டால் உராய்வு வெகுவாகக் குறைந்து கீச்சொலி எழும். வட்டை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கொண்டு துடைக்கலாம். எண்ணெய் ஊறிய கட்டையை மாற்றுவதே பாதுகாப்பானது. அதனைத் தீயில் வாட்டி மீட்கும் வழக்கம் நம்பத்தக்கது அன்று.

தயாரிப்புக் குறைகள்

பராமரிப்பால் தவிர்க்க இயலாத குறைகளும் அரிதாக நேர்ந்துள்ளன. 2013 டிசம்பரில் எஸ்ராம் நிறுவனம் தனது சாலை மிதிவண்டி நீர்ம பிரேக்குகள் அனைத்தையும் திரும்பப் பெற்றது. உறைநிலைக்குக் கீழான குளிரில் நடந்த சைக்ளோ-கிராஸ் போட்டிகளில், முதன்மை உருளையின் அடைப்பு வளையங்கள் அழுத்தத்தைத் தாங்காமல் பிரேக் திடீரெனச் செயலிழந்ததே இதற்குக் காரணம்.

முன்சக்கரப் பிணைப்பும் கவனிக்கத்தக்கது. 2015 ஏப்ரலில் டிரெக் நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 9 இலட்சம், கனடாவில் ஏறத்தாழ 98,000 மிதிவண்டிகளைத் திரும்ப அழைத்தது. அவற்றின் முன்சக்கர விரைவு விடுப்பு நெம்பு அளவுக்கு மீறித் திறந்து, சுழலும் வட்டில் சிக்கக்கூடியதாக இருந்தது. அத்தகைய விபத்தொன்றில் ஒருவர் கைகால்கள் செயலிழக்கும் நிலைக்கு ஆளானார். இப்போதைய வட்டு பிரேக் மிதிவண்டிகள் பலவற்றில், சக்கரக் குடத்தின் ஊடே சென்று கவையில் திருகி இறுகும் அச்சு பயன்படுகிறது.

பராமரிப்பு

கட்டையும் வட்டும்

கம்பி வட பிரேக்கில் கட்டை தேயத்தேயப் பிடியின் நகர்வு கூடி எச்சரிக்கை தரும். நீர்ம பிரேக்கில் இடைவெளி தானாகச் சரியாவதால் அவ்வெச்சரிக்கை கிடைப்பதில்லை. பிடி வழக்கம்போல் இருக்கும்போதே கட்டை முற்றிலும் தேய்ந்திருக்கக்கூடும். எனவே காலிப்பரின் இடைவெளி வழியே கட்டையின் தடிப்பை அடிக்கடி பார்க்க வேண்டும். சிமானோ கட்டைகளில் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ. ஆகக் குறையும்போது மாற்ற வேண்டும். அந்நிறுவனத்தின் வட்டுகள் புதிதாக 1.8 மி.மீ. தடிப்புள்ளவை, 1.5 மி.மீ. ஆனதும் மாற்றப்பட வேண்டியவை.

ரெசின் பிணைப்புக் கட்டைகள் ஒலியின்றி இயங்கும். ஆனால் சேற்றில் விரைவில் தேயும். உலோகத் துகள்களைச் சூடாக்கிப் பிணைத்த கட்டைகள் நீண்ட நாள் உழைக்கும். வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். எல்லா வட்டுகளும் உலோகக் கட்டைகளுக்கு ஏற்றவை அல்ல.

புதிய கட்டையைப் பொருத்தும் முன் பிஸ்டன்களைச் சுற்றித் துடைத்து, நெகிழி நெம்பினால் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். பழைய கட்டை தேய்ந்திருந்தபோது தேக்கத்தில் நீர்மம் சேர்க்கப்பட்டிருந்தால், இப்போது அது மிகுந்து வழியலாம். பின்னர் மிதமான வேகத்தில் ஓட்டி, முழுவதும் நிற்காமல் இருபது முப்பது முறை சீராக வேகத்தைக் குறைத்து, கட்டையை வட்டுக்குப் பழக்க வேண்டும். இதனைச் செய்யாவிடில் முழுத் தடுப்புத்திறன் கிட்டாது.

காற்று நீக்கம்

பட்டறைகளில் ஏர் எடுத்தல் அல்லது பிளீடிங் எனப்படும் இச்செயலின் பொதுவான படிகள் வருமாறு:

1. சக்கரத்தையும் கட்டைகளையும் கழற்றி, பிஸ்டன்களுக்கு இடையே அதற்குரிய அடைகட்டையை வைக்க வேண்டும்.
2. பிடியின் தேக்கத்தில் புனலைப் பொருத்த வேண்டும்.
3. காலிப்பரின் திறப்பில் புதிய நீர்மம் நிறைந்த ஊசிக்குழலை இணைத்து மெதுவாக அழுத்த வேண்டும். காற்று மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையதாதலால் குமிழிகள் புனலில் வெளிப்படும்.
4. குழாயை இலேசாகத் தட்டி, ஒட்டியிருக்கும் குமிழிகளை விடுவிக்க வேண்டும்.
5. குமிழிகள் நின்றதும் திறப்புகளை மூடி, பிடியை வலுவாக அழுத்திக் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

நுணுக்கங்கள் வடிவத்துக்கு வடிவம் மாறுபடும் என்பதால் உரிய கையேட்டைப் பின்பற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிதல் நன்று. டாட் நீர்மம் வண்ணப்பூச்சில் பட்டால் உடனே நீரால் கழுவ வேண்டும். இந்நீர்மத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான பரிந்துரை. கனிம எண்ணெயை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.

சக்கரம் கழற்றப்பட்ட நிலையில் பிடியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே நகர்ந்து, வட்டு நுழைய இடமில்லாமல் போகும். வண்டியை ஏற்றிச் செல்லும்போது கட்டைகளுக்கு இடையே தடுப்புத் துண்டு ஒன்றை வைப்பது வழக்கம்.

அறிகுறிகளும் காரணங்களும்

* பிடி பஞ்சுபோல் அமுங்குதல்: குழாயில் காற்று அல்லது மிகப் பழைய நீர்மம்.
* அழுத்திப் பிடித்திருக்கையில் பிடி மெல்லத் தாழ்தல்: கசிவு அல்லது பழுதடைந்த அடைப்பு வளையம். சரிசெய்யும் வரை ஓட்டக் கூடாது.
* பிடி உறுதியாக இருந்தும் வண்டி நிற்காமை: எண்ணெய் பட்ட அல்லது பழக்கப்படாத கட்டை.
* ஒரு பக்கக் கட்டை மட்டும் உரசுதல்: ஒட்டிக்கொண்ட பிஸ்டன், நேராகப் பொருந்தாத காலிப்பர் அல்லது வளைந்த வட்டு.
* உலோகம் அரைபடும் ஒலி: முற்றிலும் தேய்ந்த கட்டை.
* இறக்கத்தில் பிடி திடீரென நீளுதல்: கொதிக்கும் நீர்மம். உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும். பின்னர் நீர்மத்தை மாற்ற வேண்டும். சூடான வட்டைத் தொடக் கூடாது.

கம்பி வட வட்டு பிரேக்குடன் ஒப்பீடு

கம்பி வடத்தால் இயங்கும் வட்டு பிரேக்கில் வடம் துருப்பிடித்தல், உறைக்குள் சேறு அடைதல் ஆகிய குறைகள் மிகுதி. ஆனால் வடம் எங்கும் கிடைக்கும், வழியிலேயே மாற்றிவிடலாம். நீர்ம பிரேக்கில் அடிக்கடி சரிசெய்யும் வேலை குறைவு. எனினும் குழாய் அறுந்தால் உரிய நீர்மமும் கருவிகளும் இன்றிச் சரிசெய்ய இயலாது. இதனாலேயே தொலைதூரப் பயணம் செய்வோருள் ஒரு சாரார் கம்பி வட அமைப்பையே விரும்புகின்றனர். முன், பின் பிரேக்குகள் தனித்தனிச் சுற்றுகளாக இருப்பதால், ஒன்று செயலிழந்தாலும் மற்றொன்று இயங்கும். ஆகவே புறப்படும் முன் இரண்டு பிடிகளையும் தனித்தனியே அழுத்திப் பார்ப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* மிதிவண்டி
* பாஸ்கலின் விதி
* உராய்வு