ஒண்டிக்கட்டைகளின் மலாயா



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நம் முன்னோர் மலாயாவுக்கு வந்த வரலாற்றை ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சஞ்சிக்கூலி, கங்காணி, கப்பல், பால்மரக்காடு என வழக்கமான வரிசையில் பாடம் நகர்ந்தது. சுவரில் ஒட்டியிருந்த பழைய நிழற்படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, “சார், இந்தப் படத்துல எல்லாருமே ஆம்பளைங்களா இருக்காங்களே, அவங்க வீட்டுக்காரங்க எல்லாம் எங்க?” என்று கேட்டாள்.

“ஊரில் இருந்தார்கள்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆயினும், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் வரலாற்று நூல்கள் கூலியைப் பேசும், மலேரியாவைப் பேசும், கங்காணியின் கொடுமையைப் பேசும். பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும் துணையின்றி வாழ்ந்தார்களே, அந்த வாழ்க்கை அவர்களின் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்தது என்பதைப் பற்றி நாம் வாய்திறப்பதில்லை. கூச்சம் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்போது மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு இருந்த பெண்களின் எண்ணிக்கை 300ஐச் சற்றே தாண்டியிருந்தது. 1921இல் அது 400ஐச் சற்றுத் தாண்டியது. 1931இல்தான் ஏறக்குறைய 500 ஆனது. அதாவது, கங்காணி முறை உச்சத்தில் இருந்த காலத்தில், மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் என்னும் நிலை! அந்தப் பெண்களுள்ளும் பெரும்பாலோர் கணவனோடு வந்தவர்கள், சிலர் சிறுமியர். ஆகவே, மணமாகாத ஆணுக்கோ மனைவியை ஊரில் விட்டுவந்த ஆணுக்கோ இந்த மண்ணில் குடும்பம் என ஒன்று அமைய வழியே இல்லை எனலாம்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. தோட்ட முதலாளிகள் விரும்பியது தனியாளைத்தான். தனியாளுக்கு அறை வேண்டியதில்லை. லயன் வீட்டில் ஓர் அறைக்கு நால்வர், ஐவர் என அடைத்துவிடலாம். பிள்ளை பெறமாட்டான், ஆயாக் கொட்டகை வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பிள்ளைகளே இல்லாத தோட்டத்தில் அந்தச் சட்டத்திற்கு வேலை ஏது? நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு, தோட்டத்திற்குப் பெண்கள் வந்து சேர்ந்த வரலாறும்தான் என்பதை அன்றிரவுதான் உணர்ந்தேன்.

இந்திய அரசும் இதனை அறியாமல் இல்லை. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் அடுத்த ஆண்டு வந்த விதிகள், கடல்கடந்து செல்லும் கூலிகளுள் துணையின்றிச் செல்லும் ஆண்கள் ஐந்தில் ஒருவருக்கு மேற்படலாகாது என வரம்பு கட்டின. நல்ல விதிதான். ஆனால், மலாயாவுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது! கூலிச் சந்தை வென்றது. விதி தாளில் உறங்கியது.

ஒண்டிக்கட்டையின் ஒரு நாள் எப்படி இருந்தது? விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். காலையில் வெட்டு. பிறகு பாலைச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுக்க வேண்டும். திரும்பிவந்தால் அடுப்பு மூட்ட ஆளில்லை. களைத்த உடம்போடு அவனே சோறு பொங்க வேண்டும். அல்லது, முறைவைத்துச் சமைக்கும் கூட்டாளி ஆக்கிவைத்ததை உண்ண வேண்டும். சோறும் கருவாடுமே அன்றாடம். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தரவோ, ஆசுபத்திரிக்குப் போகச்சொல்லி வற்புறுத்தவோ ஒருவரும் இலர். மலேரியா எல்லாரையும் தாக்கியது. ஆனால், படுக்கையில் கிடப்பவனைக் கவனிக்க ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடு ஆகும்.

மாலையில் போக்கிடம் ஒன்றே ஒன்று: கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே உரிமம் பெற்ற கடை. ஒண்டிக்கட்டைக்கு அது வெறும் குடிக்கும் இடம் அன்று; பேசுவதற்கும் சிரிப்பதற்கும் அழுவதற்கும் இருந்த ஒரே திண்ணை. தோட்டத் தமிழன் குடிகாரன் என ஏசியவர்கள், அவனுக்கு வேறு திண்ணை எதுவும் கட்டித் தந்ததில்லை. பின்னாளில் தொழிலாளர்களே அதை எதிர்த்து எழுந்தார்கள். 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர்.

பட்டணங்களில் வேறொரு சந்தை இருந்தது. ஆண்கள் மட்டுமே வந்திறங்கிய துறைமுகங்களில், சீனத்திலிருந்தும் சப்பானிலிருந்தும் ஏழைப்பெண்கள் கொண்டுவரப்பட்டு விலைமாதர் இல்லங்களில் அடைக்கப்பட்டனர். சிங்கப்பூரில் 1930இல்தான் அவ்வில்லங்கள் சட்டப்படி மூடப்பட்டன. ஆண்களின் தனிமைக்கு விலை கொடுத்தவர்கள் இந்தப் பெண்கள். மேகநோய் இருதரப்பையும் தின்றது.

இனி, பீசித் தீவுக்கு வருவோம். துணையின்மையும் உளநலமும் பற்றிய வழக்கு மிகக் கூர்மையாகப் பேசப்பட்ட இடம் அது. 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் சென்றனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது அங்கு விதி. பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று பாடியது அங்கே வாடிய நம் பெண்களைத்தான். ஒப்பந்தக் கூலிகளிடையே தற்கொலை விகிதம் சென்னை மாகாணத்தில் பதிவானதைவிடப் பல மடங்கு மிகுந்திருந்தது.

காரணம் என்ன? காலனித்துவ அதிகாரிகள் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருந்தனர்: பெண்கள் குறைவு, ஆகவே ஆண்களுக்குள் காமப் பொறாமை, ஆகவே கொலை, தற்கொலை. 1915இல் அங்குச் சென்று மறு ஆண்டு அறிக்கை வெளியிட்ட சி.எஃப். ஆண்ட்ரூஸ், டபிள்யூ.டபிள்யூ. பியர்சன் ஆகிய நல்லவர்களும் ஆண் பெண் எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வையே பெரிதாகச் சுட்டினர். அவர்களின் அறிக்கை ஒப்பந்த முறையை ஒழிக்கப் பெரிதும் உதவியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த விளக்கத்தில் ஒரு நஞ்சும் கலந்திருந்தது. பழி மெல்ல மெல்லப் பெண்கள்மேல் இறங்கியது. நடத்தை கெட்ட பெண்கள் ஒருவனை விட்டு ஒருவனிடம் போனதால் ஆண்கள் மாண்டார்கள் என்று கதை ஆயிற்று.

பீசியில் பிறந்த வரலாற்றறிஞர் பிரிஜ் லால் (2021இல் மறைந்தார்) 1985இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இந்தக் கதையைப் பிரித்துப் போட்டார். தற்கொலைப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். காமப் பொறாமை என்பது ஒரு திரை. அதற்குப் பின்னால் கடும் வேலை, அடி, அவமானம், சாதியும் குலமும் ஊரும் உறவும் ஒரே நாளில் அறுந்துபோன அதிர்ச்சி ஆகியவை இருந்தன என்பது அவர் முடிவு. வந்திறங்கிய சில மாதங்களிலேயே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர். எண்ணிப் பாருங்கள்: சில மாதங்களில் ஒருவன் பெண்ணாசையாலா சாவான்? சுற்றிலும் இந்துஸ்தானியே பேசப்பட்ட இடத்தில், தன் மொழியில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாத தமிழனின் தனிமை எத்தகையது? இது என் கேள்வி. விடையை நீங்களே கருதிக்கொள்ளுங்கள்.

‘கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம்மூரில் சொல்வார்கள் அல்லவா? அந்த மருந்து நம்முடையது மட்டுமன்று. ஐரோப்பாவில் 1554இல் யொகான் லாங்கே என்னும் மருத்துவர், வெளுத்துச் சோர்ந்த இளம்பெண்களின் நோயைக் ‘கன்னியர் நோய்’ என்று எழுதி, திருமணம் செய்துவைக்கும்படி பரிந்துரைத்தார். பல நூற்றாண்டு கழித்து, அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைந்த சோகை என்று தெரியவந்தது! உடலுறவு இல்லாததனாலேயே உடம்பு கெடும் என்னும் கருத்துக்கு இப்படி நீண்ட, பிழைபட்ட வரலாறு உண்டு.

பிற்பாடு எண்களை வைத்துப் பேசியவர்கள் வந்தார்கள். வில்லியம் ஃபார் 1858இல் பிரான்சு நாட்டுக் கணக்குகளை ஆராய்ந்து, மணமானவர்கள் மணமாகாதவர்களைவிடவும் துணையை இழந்தவர்களைவிடவும் பொதுவாகக் குறைவாக இறக்கிறார்கள் என்று காட்டினார். எமில் துர்க்கைம் 1897இல் தற்கொலை பற்றிய தம் நூலில் இன்னும் நுட்பமாகச் சென்றார். மனிதனைக் காப்பது வெறும் தாலிக்கயிறு அன்று. பிள்ளைகுட்டிகளோடு கூடிய குடும்பம் என்னும் சிறு சமுதாயம்தான் என்றார். இக்கால ஆய்வுகளும் அவரோடு ஒத்துப்போகின்றன. உறவுகள் அற்ற தனிமை, நோயையும் இறப்பையும் மிகுவிக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டது. 2023இல் உலக நலவாழ்வு அமைப்பு இதற்கென ஓர் ஆணையமே அமைத்தது. அதேவேளையில், உடல்நலம் உள்ளவர்களே எளிதில் மணம் முடிக்கிறார்கள் என்பதால், எல்லா வேறுபாட்டையும் திருமணத்தின் கணக்கில் எழுத முடியாது. இதையும் ஆய்வாளர்கள் நினைவூட்டுகிறார்கள்.

இவற்றை வைத்து நம் ஒண்டிக்கட்டையைப் பார்த்தால், அவன் இழந்தது கட்டில் சுகம் மட்டுமன்று. தொடுகை, பேச்சு, தன்னை எதிர்பார்த்து விழித்திருக்கும் ஓர் உயிர், அவன் பெயரை ‘ஏய்’ என்று அல்லாமல் வேறு வகையாய் அழைக்கும் ஒரு குரல்.

பெண்களின் நிலை என்ன? ஆண்கள் மலிந்த இடத்தில் பெண்ணுக்கு மதிப்பு மிகும் என்று கணக்குப் போடுபவர்கள் தோட்டத்தைப் பார்த்திலர். ஆண்கள் 50 காசு பெற்ற வேலைக்குப் பெண்களுக்கு 40 காசு. துரையும் கிராணியும் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் கோரிக்கைகளுள் ஒன்று என்பதை மறவாதீர். கணவனைப் பிரிந்து வேறொருவனோடு போன பெண், ‘கவர்ந்து செல்லப்பட்டவள்’ ஆனாள். பிறன் மனைவியைக் கவர்ந்து செல்வதைக் குற்றமாக்கும் 498ஆம் பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழியே இங்கு வந்தது. அதன்கீழ் வழக்குத் தொடுக்கும் உரிமை கணவனுக்கே. அந்தப் பிரிவு நம் நாட்டுச் சட்டத்தில் 2023 டிசம்பர் வரை உயிரோடு இருந்தது. கூட்டரசு நீதிமன்றம் அப்போதுதான் அது செல்லாது என்றது. தோட்டத்துப் பெண்கள் வெறும் பழிசுமப்பவர்களாக இருக்கவில்லை, தங்கள் வாழ்வைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும் முயன்றார்கள் என்பதை அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

கடலுக்கு அப்பால் திருச்சியிலும் சேலத்திலும் தஞ்சையிலும் வட ஆர்க்காட்டிலும் காத்திருந்த மனைவியரைப் பற்றி எந்தத் தோட்டப் பதிவேடும் பேசாது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று அறியாமலே பொட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ!

1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. தனியாட்களின் வரவு குறைந்தது; தோட்டங்கள் மெல்லக் குடும்பங்களின் இடமாயின. அதற்குள் சப்பானியர் வந்தனர். 1942–43இல் பல்லாயிரம் தோட்டத் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர். 1931இல் சுமார் 6,21,000 ஆக இருந்த மலாயா இந்தியர் தொகை 1947இல் சுமார் 5,99,000 ஆகக் குறைந்தது. ஆண் பெண் விகிதம் ‘சீரடைந்தது’ என்று கணக்கெடுப்பு சொல்லும். அந்தச் சீரில் ஒரு பகுதி ஆண்கள் செத்ததனால் வந்தது. முன்பு ஒண்டிக்கட்டைகள் கிடந்த லயன் வீடுகளில் இப்போது கைம்பெண்கள் இருந்தார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்தின் கடைசி லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். எல்லாரும் அவரை ‘ஒண்டித் தாத்தா’ என்றே அழைப்போம். இளமையில் ஊரில் மணம் முடித்து, இரண்டே மாதத்தில் கப்பல் ஏறியவர் என்று அம்மா சொல்வார். பள்ளி விட்டு வரும் எங்களுக்கு வறுத்த கடலை தருவார். யாரேனும் அவர் தோளைத் தொட்டுப் பேசினால் சட்டென்று விலகிக்கொள்வார். அது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் இறந்தபோது கொள்ளி வைக்க ஆளில்லை. என் தந்தையார்தான் வைத்தார். அவருடைய தகரப் பெட்டியில் மணியார்டர் இரசீதுகள் ஒரு கட்டு இருந்தன. எல்லாம் ஒரே பெயருக்கு, ஒரே ஊருக்கு. அந்த முகவரிக்கு அப்பா ஒரு கடிதம் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.