வடிதுணியும் தடுப்பூசியும்: தலைமுறைகளிடையே அறமும் அறிவியலும்

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில், அறப்பளீசுவரர் திருக்கோயிலை அடுத்த பள்ளத்தாக்கில், ஆகாயகங்கை என்னும் அருவி வீழ்கின்றது. நீராட வருவோர் அதனை வானின்று இழிந்த கங்கையாகவே போற்றுகின்றனர். நிலவியல் பயின்றவரோ, மலைமேற் பெய்த மழை சிற்றோடைகளாகத் திரண்டு ஐயாறாகிப் பாறை விளிம்பினின்று வீழ்ந்து, சமவெளியில் காவிரியைச் சேர்கின்றது என்பர். ஒரு குடும்பத்தார் அவ்வருவியின்முன் நிற்பின், பாட்டனார் முன்னதைச் சொல்வார். பேரன் பின்னதைச் சொல்வான். இவ்விரு கூற்றுகளும் ஓர் இல்லத்தில் எங்ஙனம் இணங்கி வாழும் என்பதே இக்கட்டுரையின் வினா.

நம் ஆன்றோர் இத்தகைய வினாக்களுக்கெனவே நயம் என்னும் முறையை வகுத்தனர். ஒரு கூற்று எந்நோக்கில் நின்று சொல்லப்பட்டது என்பதை முதலில் தெளிதல் வேண்டும் என்பது அதன் சாரம். அநேகாந்தத்தை 'யார் சொல்வதும் சரியே' என்று பொருள்கொள்வார் உளர், அது பிழை. 'ஸியாத்' என்னும் சொல் எல்லையை வரையறுப்பது, எல்லையை அழிப்பதன்று. அருவிநீர் எங்கிருந்து வருகின்றது என்ற வினாவுக்கு விடை மழையே. அந்நீரின்முன் மனம் ஏன் பணிகின்றது என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் பாட்டனாருக்கும் பேரனுக்கும் இடையே பூசல் எழுகின்றது.

துணி ஒன்று, நோக்கம் இரண்டு

நம் இல்லங்களில் நீரைத் துணியால் வடிகட்டியே பருகுதல் தொன்றுதொட்ட ஒழுக்கம். துணியை இரண்டாக மடித்து வடித்தல், துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மீண்டும் விடுதல், வடித்த நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், எல்லை கொள்ளுதல் ஆகியவை சிராவகர்க்கு விதிக்கப்பட்டவை.

வங்கதேசத்தில் அமெரிக்க அறிஞர் ரீட்டா கால்வெல் தலைமையிலான குழுவினர் 65 ஊர்களில் மூன்றாண்டுகள் ஆய்வு நடத்தி, 2003ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். பழைய சேலைத் துணியை நான்காக மடித்து நீரை வடித்த ஊர்களில் வாந்திபேதி நோய் ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது. அந்நோய்க் கிருமி தனியே மிதப்பதோடு, நீரில் வாழும் நுண்ணிய மிதவை உயிர்களின் உடலிலும் ஒட்டி வாழ்கின்றது. மடித்த துணி அவ்வுயிர்களைத் தடுப்பதால் கிருமியும் பெருமளவில் தடுக்கப்படுகின்றது.

இச்செய்தியைக் கேட்டவுடன், 'நம் முன்னோர் அறிவியலை அன்றே அறிந்திருந்தனர்' என்று மகிழ்வது இயல்பு. ஆயினும் சற்றே நின்று நோக்குதல் நன்று. ஆய்வாளர் துணியை மடித்தது மனிதரைக் காக்க; நம் பாட்டி துணியை மடித்தது நீரில் வாழும் சிற்றுயிரைக் காக்க. துணியில் தங்கியதை மீண்டும் நீரில் விடும் செயலுக்கு மருத்துவப் பயன் ஏதும் இல்லை. அதற்குக் காரணம் கருணை ஒன்றே. வடிதுணியால் நோய் குறையும் என்பதை அறிவியல் அளந்து சொல்லும். கண்ணுக்குப் புலப்படாத உயிரின்மீது ஏன் இரக்கம் கொள்ளவேண்டும் என்பதை அளவுகோல் கொண்டு நிறுவ இயலாது. மறுதலையாக, மிகச் சிறிய கிருமிகளைத் துணி தடுக்காது. ஆதலின் நீரைக் காய்ச்சவும் வேண்டும் என்று பேரன் கூறுவானாயின், அது மரபுக்கு இழுக்கன்று. பாட்டியின் நோக்கமும் பேரனின் அறிவும் ஒரே குடத்தில் சேரலாம்.

அகமதாபாத், 1926

எல்லாச் சூழலும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. அறமும் உயிர்ப்பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதிய நிகழ்ச்சி ஒன்று, குசராத்தின் புகழ்பெற்ற சமணக் குடும்பம் ஒன்றில் நிகழ்ந்தது. அம்பாலால் சாராபாய் அகமதாபாத்தின் காலிகோ ஆலைகளின் உரிமையாளர். சுவேதாம்பர சமண வணிகக் குடியில் 1890இல் பிறந்தவர். 1926இல் அவருடைய ஆலை வளாகத்தில் தெருநாய்கள் பெருகின; வெறிநோய் அச்சமும் பரவியது. முந்தைய ஆண்டில் மட்டும் அந்நகர மருத்துவமனையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நாய்க்கடிக்காகச் சிகிச்சை பெற்றிருந்தனர். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிதினும் அரிது. அம்பாலால் ஏறத்தாழ 60 நாய்களைப் பிடித்துக் கொல்லச் செய்தார்.

உயிர்வதை புரியாமையே உயிராகக் கொண்ட நகரம் கொதித்தது. மனம் கலங்கிய அம்பாலால் காந்தியடிகளிடம் சென்றார். அவர் செய்ததைத் தவிர்க்க இயலாதது என்று ஏற்ற அடிகள், 'யங் இந்தியா' இதழில் இதுபற்றித் தொடராக எழுதினார். தெருவில் திரியும் நாய்க்குச் சோறிட்டுவிட்டு அதன் பொறுப்பை ஏற்காதிருத்தல் கருணை ஆகாது. நாய்களுக்கு உரிமையாளரும் புகலிடமும் வேண்டும். அச்சமுதாய ஏற்பாடு இல்லாதவிடத்து, வெறிகொண்ட நாயைக் கொல்லாது விடுவது பெருந்தீமைக்கு வழிவகுக்கும் என்பது அவர் வாதம். நகரின் சீவகாருண்ய சங்கத்தார் உள்ளிட்ட பலர் அதனை ஏற்கவில்லை. கண்டனக் கடிதங்கள் குவிந்தன.

சிராவக ஒழுக்க நூல்கள் இம்சையை நான்காகப் பகுக்கின்றன: கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தால் செய்வது சங்கல்பம்; சமைத்தல், தூய்மை செய்தல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பம்; உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோகம்; தற்காப்பில் நேர்வது விரோதம். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விலக்கவேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும். வந்தவாசி, ஆரணி, சேத்துப்பட்டுப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த நம் குடும்பங்கள் இப்பகுப்பின் துணையால்தான் உழவையும் அறத்தையும் ஒருங்கே காத்தன. அகமதாபாத்தில் எழுந்த வினா இதுவே: 60 நாய்களைக் கொன்றது தற்காப்பா, சங்கல்பமா? நோயுற்றவற்றைக் கொல்வதைத் தற்காப்பு என்போர், நோயில்லாதவற்றையும் சேர்த்துக் கொல்வதை எவ்வகையில் அடக்குவர்? அன்றைய அறிவு நிலையில் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் வெல்ல இயலவில்லை. கொல்லாவிடில் மனிதர் மடிவர். கொன்றால் அறம் மடியும்.

குன்னூரும் சென்னையும்

இம்முட்டுக்கட்டை பின்னாளில் தளர்ந்த வரலாறு தமிழகத்தோடு தொடர்புடையது. பிரான்சில் லூயி பாஸ்டர் 1885இல் வெறிநாய்க்கடிச் சிகிச்சையை முதன்முதலாக மனிதருக்குக் கையாண்டார். நீலகிரியின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. எனினும் நீண்டகாலம் இந்நாட்டில் வழங்கிய தடுப்பூசி செம்மறியாட்டின் மூளைத் திசுவினின்று செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முதியோர் இன்றும் நினைவுகூர்வது அதனையே. மனித உயிரைக் காக்க ஆட்டின் உயிர் போயிற்று. சமணர் மனத்தை உறுத்தக்கூடிய மருந்து அது. பின்னர் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் தடுப்பூசி தயாரிக்கும் முறை வந்தது. அது பழையதைவிடப் பாதுகாப்பானது; ஊசிகளும் குறைவு. 2005ஆம் ஆண்டளவில் ஆட்டு மூளைத் தடுப்பூசி இந்தியாவில் கைவிடப்பட்டது.

நாய்களின் திறத்திலும் மாற்றம் நிகழ்ந்தது. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை அறுவையும் தடுப்பூசியும் செய்யும் வழியை 1960களிலேயே வலியுறுத்திச் செயல்படுத்தத் தொடங்கிற்று. 1990களின் நடுவில் சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்றது. 2001இல் நடுவண் அரசு நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. இம்முறை எங்கும் செவ்வனே நடைபெறுகின்றது என்று சொல்வதற்கில்லை. தெருநாய்கள் பற்றிய வழக்கும் வாதமும் இன்றும் ஓயவில்லை. ஆயினும் 1926இல் இல்லாத மூன்றாவது வழி ஒன்று பிறந்துவிட்டது.

இதில் நாம் கருதத்தக்கது யாது? கொல்லாமை உணர்வு இல்லாதிருப்பின், நாய்களைக் கொல்வதோடு மனிதர் அமைதி அடைந்திருப்பர். வேறு வழி தேடவேண்டும் என்ற எண்ணமே எழுந்திராது. தடுப்பூசியும் அறுவை மருத்துவமும் இல்லாதிருப்பின், அவ்வுணர்வு ஏங்கி நின்றிருக்குமேயன்றி வழி கண்டிராது. அறம் வினாவை அவிந்துபோகாமல் காத்தது. அறிவியல் விடையைத் தேடித் தந்தது.

அம்பாலாலின் மைந்தர்

நாய்களின் செய்தியால் நகரம் கொதித்தபோது, அம்பாலாலின் மகன் விக்ரம் ஏழு வயதுச் சிறுவர். அம்பாலால் தம் மக்களுக்கு இல்லத்திலேயே பள்ளி அமைத்துக் கல்வி அளித்தவர். விக்ரம் சாராபாய் கேம்பிரிட்சில் பயின்றார். போர்க்காலத்தில் பெங்களூரில் சர் சி. வி. இராமனின்கீழ் அண்டக்கதிர் ஆய்வு மேற்கொண்டார். 1942இல் மிருணாளினி சுவாமிநாதனை மணந்து தமிழகத்தோடும் உறவு பூண்டார். 1947இல் அகமதாபாத்தில் அவர் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவியபோது, பெற்றோர் தோற்றுவித்த அறக்கட்டளை துணைநின்றது. முந்தைய தலைமுறை ஈட்டிய பொருள் பிந்தைய தலைமுறையின் ஆய்வுக்கு வித்தாயிற்று.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ஏவுகணைத் தளம் அமைக்கத் தேர்ந்த இடத்தில் மரிய மகதலேனா தேவாலயம் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா மக்களிடம் பேசி, அவர்தம் இசைவோடு அவ்விடத்தை அறிவியலுக்கு அளித்தார். அத்தேவாலயமே தொடக்கக் கால அலுவலகமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவுகணை அங்கிருந்து விண்ணில் பாய்ந்தது. இராமேசுவரத்து அப்துல் கலாம் அங்குப் பணியாற்றிய இளைஞருள் ஒருவர். சமணக் குடியிற் பிறந்தவர் கேட்க, கிறித்தவ ஆயர் கொடுக்க, இசுலாமிய இளைஞர் உழைத்த நிகழ்ச்சி அது.

1966இல் அணுசக்தி ஆணையத்தின் தலைமையேற்ற விக்ரம், அணுகுண்டு மட்டுமே நாட்டுக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது என்னும் கருத்தை வெளிப்படையாகக் கூறினார். செயற்கைக்கோளைக் கொண்டு சிற்றூர்களுக்குக் கல்வி பரப்ப விழைந்தார். 1971 டிசம்பரில் அவர் மறைந்தபின், 1975–76இல் அத்திட்டம் 2,400 ஊர்களை எட்டிற்று. பெற்ற அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்று அவர் தெரிந்தெடுத்த திசை, கொல்லாமையைப் போற்றும் எவர்க்கும் உவப்பானதே.

உலகின் வடிவம்

இளையோர் எழுப்பும் வினாக்களுள் கடினமானது உலக அமைப்பைப் பற்றியது. 1969 சூலையில் மனிதன் நிலவில் காலடி வைத்தபோது, ஜம்பூத்வீபம், மேரு பற்றிய ஆகமச் செய்திகளை எங்ஙனம் கொள்வது என்ற வாதம் சமணரிடையே எழுந்தது. பொன்னூர் மலையில் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கும் நம் சிறுவர்களும், அவர் சென்று வந்ததாக மரபு கூறும் விதேக நாடு வரைபடத்தில் எங்குளது என்று கேட்கின்றனர்.

இங்கு ஆகமத்தை அவ்வக்கால அறிவியலோடு பொருத்திக் காட்டும் வழி உறுதியானதன்று. இருபதாம் நூற்றாண்டில் சில சமண அறிஞர், தர்ம திரவியம் என்பது இயற்பியலார் கூறிய ஈதரே என்று எழுதினர். ஈதர் என ஒன்று தேவையில்லை என்று ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுக் கோட்பாடு முன்னரே காட்டியிருந்தது. இயற்பியலார் அதனைக் கைவிட்டனர். மாறும் கோட்பாட்டில் சமயத்தைக் கட்டிவைப்பின், அக்கோட்பாடு வீழும்போது சமயமும் தள்ளாடும்.

இதற்கு நம் மரபிலேயே ஒரு வழி உண்டு. சிந்திக்கத்தக்க பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் உலகச் சிந்தனையும் ஒன்று. எல்லையில் பெரிய உலகில், எண்ணற்ற பிறவிகளில் உயிர் அலைவதை எண்ணிப் பற்றுத் தளர்வதே அதன் பயன். கடலில் கலம் செலுத்தவோ விண்கலம் ஏவவோ அது சொல்லப்படவில்லை. நிலவின் தொலைவைப் பள்ளியில் கற்ற பெண், கோயிலில் அமர்ந்து அச்சிந்தனையை மேற்கொள்வதில் முரண் இல்லை.

ஆதலின் இளையோர் வினவும்போது முதியோர் வெகுள வேண்டா. நீலகேசி முதல் வினவி வாதிட்டு வளர்ந்தது நம் தமிழ்ச் சமணம். விடை தெரியாதவிடத்து, தெரியாது என்று சொல்வதும் வாய்மை என்னும் விரதத்தில் அடங்கும். இளையோரும், வடிதுணியின் பின்னிருந்த கருணையை, மருந்தகத்தில் வடிகட்டி வாங்கிவிட்டோம் என்பதால் கைவிடலாகாது. இயந்திரம் நீரைத் தூய்மை செய்யும். சிற்றுயிரை மீண்டும் நீரில் விடும் கையை இல்லமே பழக்க வேண்டும்.