அடைமானப் பொருளை விற்றால்: ஹிதாயாவும் மஜல்லாவும்

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடைமானமாக இருந்ததைப் புகாரியில் காண்கிறோம். கடன் தீரும்வரை அடைமானப் பொருள் கடன் கொடுத்தவர் கைவசம் இருக்கும். உடைமையோ கடனாளிக்கே உரியது. வழக்குகள் பிறப்பது இந்த இடைவெளியில்தான். தன் பொருள்தானே என்றெண்ணிக் கடனாளி, கடன் கொடுத்தவரைக் கேளாமலே அதை வேறொருவருக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது?

ஹிஜ்ரி 593-இல் மறைந்த மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயாவை நாம் இன்றும் ஓதிக்கொடுக்கிறோம். அந்நூல் இவ்விற்பனையைச் செல்லாதென்று தள்ளிவிடவில்லை. 'மவ்கூஃப்', அதாவது நிறுத்திவைக்கப்பட்டது என்கிறது. கடன் கொடுத்தவர் இசைந்தாலோ, கடன் அடைபட்டாலோ அது நிறைவேறும். இசைந்தால், பொருளின் இடத்தில் அதன் விலை அடைமானமாகிவிடும். இசையாவிட்டாலும், விற்பனையைத் தாமே முறித்துவிட அவருக்கு உரிமையில்லை என்பதே வலுவான கருத்து. வாங்கியவர் பொருள் மீட்கப்படும்வரை பொறுத்திருக்கலாம். அல்லது காழியிடம் சென்று விற்பனையை ரத்துச் செய்யக் கோரலாம். இருவர் சண்டையில் சிக்கிய மூன்றாமவரையும் மறவாத இந்த நுட்பம் நம்மை வியக்க வைக்கிறது.

நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய காத்திருப்பு இல்லை. இசைவின்றி விற்றால் அவ்விற்பனை அப்போதே வீண்.

உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா, ஹனஃபி தீர்ப்பையே சட்டப் பிரிவாக எழுதிவைத்தது. பல நூல்களைப் புரட்டிக் கருத்துகளை ஒப்பிட்டுவந்த நீதிபதிக்கு, அதன்பின் ஒரே பிரிவைப் படித்தால் போதுமானதாயிற்று.