பின்தொடராதே என்று ஒரு டிக்

மூன்று வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு மார்பில் சிறு கட்டி. பயாப்ஸி முடிவு வரும்வரை அவளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று, இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு கணினியில் தேடிப் படித்தேன். மறுநாள் காலையில் அவள் சமையல் குறிப்பு பார்க்க உட்கார்ந்தாள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் விளம்பரம். "என்னங்க இது?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இத்தனைக்கும் 'டூ நாட் டிராக்', அதாவது என்னைப் பின்தொடராதே என்ற கட்டத்தில் டிக் போட்டு வைத்திருந்தவன் நான். அந்த டிக்கின் கதையைப் பிறகுதான் படித்தேன்.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி 'குக்கி'யை உருவாக்கினார். இணையக் கடைக்கு நம் கூடையில் இருப்பது மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஒரே விளம்பரக் கம்பெனி ஆயிரம் தளங்களில் இடம் பிடித்ததும், அந்தக் குக்கி நாம் போன இடமெல்லாம் கூடவே வந்தது.

இதற்கு மாற்றாக 2009-ல் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் உலாவி 'பின்தொடராதே' என்று ஒரு குறிப்பையும் சேர்த்து அனுப்பும். 2011-ல் ஃபயர்ஃபாக்ஸில் வந்தது. ஆனால் அது வெறும் வேண்டுகோள். எங்கள் ஆபீஸ் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று போர்டு இருந்தது; மேனேஜர் உட்பட யாரும் விட்டதில்லை. 2012-ல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய உலாவியில் அதைத் தானாகவே இயக்கி வைத்தது. 'இது பயனரின் விருப்பம் அல்ல, மதிக்க மாட்டோம்' என்று விளம்பரக்காரர்கள் கைவிரித்தார்கள். 'பின்தொடர்தல்' என்றால் என்ன என்றே வருடக்கணக்கில் வாதாடிய தரநிர்ணயக் குழு 2019 ஜனவரியில் மூடப்பட்டது.

குக்கியை அழித்தாலும் தப்பவில்லை. எழுத்துருக்கள், திரை அளவு, நேர மண்டலம் எல்லாம் சேர்ந்தால் ஒரு கைரேகை. 2010-ல் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்ததில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் தெரிந்தன. 'பின்தொடராதே' என்ற குறிப்பும் அந்தக் கைரேகையில் ஒரு கோடாகிவிடும் என்று சொல்லித்தான் ஆப்பிள் 2019-ல் சஃபாரியிலிருந்து அதை எடுத்தது. 2025-ல் ஃபயர்ஃபாக்ஸும் எடுத்துவிட்டது.

பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த விளம்பரம் மட்டும் மேலும் இரண்டு வாரம் வந்துகொண்டிருந்தது.