ஆர்தர் பேக்கர் (காவல் அதிகாரி)

கேப்டன் ஆர்தர் பேக்கர், பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்த டிரினிடாட்டில் 1877இல் காவல் படைத் தலைமையை ஏற்றவர். இன்ஸ்பெக்டர் கமாண்டன்ட் என்பது பதவியின் பெயர். அவர் பெயர் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அவர் அடக்க முயன்ற கான்பூலே ஊர்வலம்தான்.

எரிந்த கரும்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தோட்டத்தில் தீப்பிடித்தால் அடிமைகளைக் கொம்பூதி எழுப்பி, இரவோடு இரவாக வேலைக்கு விரட்டுவார்கள். 1838இல் விடுதலை பெற்றவர்கள் அந்தக் கொடுமையையே கொண்டாட்டமாக்கினர். பிற்காலத்தில் அது கார்னிவல் திருவிழாவின் ஞாயிறு நள்ளிரவில் நடக்கலாயிற்று. தீப்பந்தம், மேளம், பூயி மரக் கம்பு சகிதம் புறப்படும் கூட்டங்கள் எதிரெதிரே வந்துவிட்டால் மண்டை உடையும். ஊர்ப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தனர். பேக்கரும் அவர்கள் பக்கம்தான்.

1880இல் பந்தங்களையும் கம்புகளையும் ஒப்படைக்கச் சொன்னார். இதை எதிர்பாராத கூட்டம் கொடுத்துவிட்டது. அந்தச் சுலபமான வெற்றிதான் அவரை ஏமாற்றியது எனலாம். மறு ஆண்டு ஊர்வலத்தையே ஒழிக்கப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்ப, ஜென்மப் பகை கொண்ட கம்படிக் கூட்டங்கள் கைகோத்துக்கொண்டன. காவலர்களில் பலர் பார்படோசிலிருந்து வந்தவர்கள் என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது. 1881 பிப்ரவரி 28 அதிகாலையில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் கல்லும் பாட்டிலும் பறந்தன, விளக்குகள் நொறுங்கின. சுமார் 150 காவலர்களில் 38 பேர் காயமடைந்தனர். ஆளுநர் சான்ஃபோர்ட் ஃப்ரீலிங் அன்றே கிழக்குச் சந்தைக்குப் போய், பந்தத்தால் தீப்பிடிக்குமோ என்ற பயம்தான், திருவிழாவைத் தடுக்கும் எண்ணமில்லை என்று சமாதானம் சொன்னார். காவலர்களைக் குடியிருப்பை விட்டு வெளியே வராமல் நிறுத்தினார். அடி வாங்கிய படைக்கு இது இன்னொரு அடி.

லண்டனிலிருந்து விசாரிக்க வந்த ஹாமில்டன், ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கலாம் என்றார். ஆனால் 1884இல் வந்த சட்டம் பந்த ஊர்வலத்தையும் பத்துப் பேரோ அதற்கு மேலோ கம்புடன் கூடுவதையும் தடை செய்தது.

அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று, ஊர்வலம் நகருக்குள் வரக்கூடாது என்ற தடையை மீறி சான் ஃபெர்னாண்டோவுக்குள் ஹொசே ஊர்வலம் கொண்டுவர முயன்ற இந்தியக் கூலித் தொழிலாளர்கள்மீது பேக்கரின் காவலர்கள் சுட்டனர். முஸ்லிம்களின் முகரம் விழாவானாலும் ஊர்வலத்தில் இந்துக்களும் திரளாக இருந்தனர். குறைந்தது 16 பேர் இறந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். 1881 கலவரத்தைவிடப் பல மடங்கு கொடிய நிகழ்வு இதுவே.

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இப்போது ஆண்டுதோறும் கார்னிவலுக்கு முந்தைய வெள்ளி விடியலுக்கு முன் கான்பூலே மோதலை நாடகமாக நடத்துகிறார்கள். அதில் கேப்டன் பேக்கரும் ஒரு பாத்திரம்.